கண்டக்டர் குரல்

வாசலில் பையை இறக்கி வைக்கும்போதே கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக், டொக். ஹார்ட் டிஸ்க் உயிரை விடுவதற்கு முன் போடும் சத்தம் அது. இருபது வருஷத் தொழிலில் அதைக் கேட்ட பிறகு பிழைத்த டிஸ்க்குகளை அவர் விரல் விட்டு எண்ணிவிடுவார்.

பழைய வீடு. முன்னறையில் ஒரு தையல் மெஷின், அதன் பக்கத்தில் கம்ப்யூட்டர். உள்ளறைக்குக் கதவு கிடையாது, ஒரு பச்சைத் திரைதான். பிற்பகல் மூன்று மணி வெயில் வெளியே கொளுத்தியது. உள்ளே என்னவோ சில்லென்று இருந்தது.

"முதல்ல அணைங்கம்மா. ஓட ஓட இன்னும் கெட்டுப்போகும்."

"அணைச்சா திரும்ப வராதோன்னு பயம் தம்பி," என்றாள் தையல்கார அம்மா. "நேத்து காலையிலேருந்து அப்படியே ஓடிட்டிருக்கு."

மெக்கானிக் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். வெளியே சிரித்து வைத்தார்.

"உள்ள என்ன இருக்கு? எது முக்கியமோ அதை முதல்ல எடுத்துடறேன். டிஸ்க் எவ்வளவு நேரம் தாங்கும்னு சொல்ல முடியாது."

"அவர் குரல் மட்டும் போதும். வேற எதுவும் வேண்டாம்."

அவள் புருஷன் பஸ் கண்டக்டர். அவர் தொண்டைக்கு விசிலே தண்டம் என்று டிரைவர்கள் கேலி செய்வார்களாம். பாழாய்ப்போன புற்றுநோய் கை வைத்ததும் அந்தத் தொண்டையில்தான். ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு வராது, அதற்குள் தேவையான வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்து வையுங்கள் என்றார் டாக்டர். மனுஷர் ஒன்பது நாள் இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களைப் பேசி வைத்தார். அப்புறம் இரண்டு வருஷம், மனைவியிடம் எது கேட்க வேண்டுமானாலும் அந்த வாக்கியத்தை மவுஸால் தட்டுவார். கம்ப்யூட்டர் பேசும். அவர் போய்ப் பதினாலு மாதமாகிறது. இப்போது அவளே தினம் ஒன்றைத் தட்டிக் கேட்டுக்கொள்கிறாள்.

"இதையெல்லாம் வேற எதுலயும் காப்பி எடுத்து வைக்கலையா?"

அவள் தலையைக் குனிந்தாள். "பையன் சொன்னான். காப்பி எடுக்க எடுக்கக் குரல் தேஞ்சுடுமோன்னு விட்டுட்டேன்."

"அப்படியெல்லாம் தேயாதும்மா. எல்லாம் வந்துடும்."

டாக்டரும் மெக்கானிக்கும் இப்படிச் சொல்வதில் பாதி பொய். அது அவருக்கே தெரியும்.

கம்ப்யூட்டரை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினார். கோப்புகள் வரிசையாக வந்தன. கண்டக்டரே வைத்த பெயர்கள்: தண்ணி, ஃபேன், கண்ணாடி, தலைகாணி. முதலில் 'தண்ணி'. டொக் டொக் என்று முனகி ஒரு வழியாக நகலானது. ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டார். வெறும் இரைச்சல்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் சொன்னது:

"கொஞ்சம் தண்ணி கொண்டா."

தையல்கார அம்மா சட்டென்று எழுந்து சமையலறைப் பக்கம் நாலு அடி நடந்துவிட்டாள். அப்புறம்தான் நின்றாள்.

"உள்ள ஸ்பீக்கர் இருக்காம்மா?"

"இல்லையே."

மெக்கானிக் மேஜை மேலிருந்த ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கிப் போட்டார். இதற்குள் 'ஃபேன்' நகலாகி முடிந்திருந்தது.

"ஃபேனைக் கொஞ்சம் குறை."

உள்ளேயிருந்துதான்.

டீசல் வாடை அடித்தது. வேர்வை ஊறிய சட்டையின் வாடையும் மருந்துப் பஞ்சின் நெடியும் அதனோடு கலந்து வந்தன. மெக்கானிக் வேலையை நிறுத்திவிட்டு டிஸ்க்கில் இருந்த பழைய 'தண்ணி'யைத் திறந்து பார்த்தார். அதுவும் காலி.

"அம்மா, காப்பி எடுத்தா ரெண்டு பக்கமும் போயிடுது. குரல் எதுலயும் இல்ல."

"ஐயோ, நிறுத்திடுங்க தம்பி. இருக்கிறதாவது இருக்கட்டும்."

நிறுத்தியாகிவிட்டது. வீடு அமைதியானது.

உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள்.

மூக்கால் விடும் மூச்சில்லை அது. ஒரு சின்னத் துளை வழியாகக் காற்று சீறி வந்து போயிற்று. என்னவோ சொல்ல முட்டியது. சொல்ல முடியாமல் மறுபடி சீறியது.

தையல்கார அம்மாவின் முகம் கோணியது. பயத்தால் இல்லை. "தொண்டையில ஓட்டை போட்டப்புறம் இப்படித்தான் மூச்சு விடுவார். ரெண்டு வருஷம் ராத்திரி பகலா இதைத்தான் கேட்டுட்டிருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இல்லாட்டிப் போகுது தம்பி. அந்தக் குரல் அவருக்காவது கிடைக்கட்டும். போடுங்க."

"வேண்டாம்மா."

"போடுங்க."

அவள் சொன்ன விதத்தை எதிர்த்துப் பேச மெக்கானிக்குக்குத் தெம்பில்லை. பொத்தானைத் தட்டினார். எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் விரல் அதற்குள் அடுத்த கோப்புக்குப் போயிருந்தது.

"என் கண்ணாடியைப் பாத்தியா?"

"மேஜை மேலதாங்க இருக்கு."

"தலைகாணி ஒண்ணு குடு."

"உங்க பக்கத்துலயே இருக்குங்க."

ஒவ்வொன்றாகப் போனது. அவள் சலிக்காமல் பதில் சொன்னாள். லேப்டாப்பில் அடுத்த பெயரைப் பார்க்கும்போதே உள்ளே என்ன பேச்சு வரும் என்று மெக்கானிக்குக்குத் தெரிந்தது. அதைத் தடுக்கத்தான் வழி தெரியவில்லை. நூறு, நூற்றைம்பது, இருநூறு. குரல் முதலில் கட்டில் பக்கமிருந்து வந்தது. இப்போது திரைக்கு மிக அருகில் வந்திருந்தது.

கடைசிக் கோப்புக்குப் பெயரே இல்லை.

"இது என்னம்மா?"

"தெரியல. அதை அவர் ஒரு நாளும் தட்டினதில்ல."

மெக்கானிக் டிஸ்க்கின் பக்கம் கையை நீட்டினார். கேபிளை வெடுக்கென்று பிடுங்கினார்.

கேபிள் அவர் கையில் இருந்தது. லேப்டாப்பில் பச்சைக் கோடு மட்டும் நகர்ந்துகொண்டே போய் முடிந்தது.

"போலாம், ரைட்."

பஸ்ஸின் பின்படியில் நின்று டிரைவருக்குக் கேட்கும்படி கொடுக்கிற முழுக்குரல். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

தையல்கார அம்மா எழுந்தாள். மடியில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டாள். "இதோ வந்துட்டேங்க," என்று சொல்லிக்கொண்டே திரையை விலக்கி உள்ளே போனாள்.

திரை ஆடி நின்றது.

"அம்மா?"

 எவ்வளவு நேரம் கழித்துத் தைரியம் வந்ததோ, மெக்கானிக் திரையை விலக்கினார். ஒரு கட்டில், மூன்று சுவர், கம்பி போட்ட ஒரு ஜன்னல். வேறு வழி எதுவும் இல்லை.

ஆளும் இல்லை.

அக்கம்பக்கத்தார் தேடினார்கள், போலீஸ் தேடியது, வெளிநாட்டிலிருந்து மகன் வந்து தேடினான். கேட்டவர்களிடமெல்லாம் மெக்கானிக் நடந்ததைச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. அவராலும் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை.

எட்டாம் நாள் காலை, கடையில் ஆள் நடமாட்டம் இருக்கும்போதே லேப்டாப்பைத் திறந்தார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். இருநூற்றுப் பதினொன்றும் காலி. பெயரில்லாத கடைசிக் கோப்பு மட்டும் நான்கு நொடி நீளம் காட்டியது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தட்டினார்.

இஞ்சின் ஓடும் சத்தம். பிறகு, காதுக்குப் பக்கத்தில், தையல்கார அம்மாவின் குரல்.

"தம்பி, நீங்க எங்க இறங்கணும்னு அவர் கேக்கறார்."

நான்கு நொடி முடிந்தது. நீளம் காட்டும் எண் ஐந்தானது. ஆறானது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.