தெரிந்தவர்களுக்கு இந்தக் கவுன்டர் இல்லை

"கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கு?"

"சிரிச்சாத்தான் மேடம், உயிர் இருக்குன்னு நான் பதிவு பண்ண முடியும்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன். இந்தப் பக்கம் அவள்... மழையில் பாதி நனைந்து, நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கக்கூடத் தோன்றாமல், அவனை முறைத்துக்கொண்டு.

அவள் பல் மருத்துவர். சின்னதாக ஒரு சொந்த கிளினிக். வருகிறவர்கள் எல்லோரும் இணையத்தில் நேரம் பதிவு செய்துகொண்டுதான் வருவார்கள். அங்கேதான் இடி விழுந்தது. இணையத்தில் தொழில் நடத்துகிற ஒவ்வொருவரும் தான் உயிருள்ள ஆள்தான் என்று கேமரா முன்னால் நிரூபிக்க வேண்டும் என்று புதிதாக ஒரு சட்டம். கண்ணைச் சிமிட்டு, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, சிரி. அவள் எல்லாம் செய்தாள். குழல்விளக்கின் கீழே செய்தாள், மொட்டைமாடி வெயிலில் செய்தாள். திரை அசைந்து கொடுக்கவில்லை. 'உயிருள்ள முகம் தென்படவில்லை. மீண்டும் முயலவும்.' உதவி எண்ணுக்கு அடித்தால், மனிதர் என்றால் ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். இணைப்பைத் துண்டித்துவிட்டது.

பதிவுக் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். எதிர்ச்சாரியில் இருந்த பெரிய பல் மருத்துவமனைக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. கடைசி வழி இந்த அலுவலகம். இயந்திரம் ஒப்புக்கொள்ளாத முகங்களை ஒரு மனிதர் நேரில் பார்த்து உறுதி செய்வார். அந்த மனிதர்தான் இப்போது சிரிக்கச் சொல்கிறார்.

"மூணு பஸ் மாறி, மழைல நனைஞ்சு, வரிசைல நின்னு வந்திருக்கேன். உயிர் இல்லாதவ இவ்வளவு தூரம் வருவாளா?"

"எனக்குப் புரியுது மேடம். விதிக்குத்தான் புரியல."

அவன் சொன்ன விதத்தில் கேலி இல்லை. அலுப்புதான் இருந்தது. அவள் அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தாள். அமைதியான கண்கள்... நாள் முழுக்க யார் யார் முகத்தையோ பார்த்துக் களைத்துப்போன கண்கள். அப்புறம் அந்த இடது கன்னம்.

"நீங்க சிரிங்க, பார்க்கலாம்," என்றாள்.

"நானா?"

"வந்ததுல இருந்து வாயைப் பாதிதான் திறக்குறீங்க. இடது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல். எத்தனை நாளா வலி?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல..."

"ஆ காட்டுங்க."

ஏனென்றே தெரியாமல் அவன் வாயைத் திறந்தான். அவள் கைபேசி வெளிச்சத்தைக் கண்ணாடி வழியாக அடித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கடவுளே... இதை வச்சுக்கிட்டா என்னைச் சிரிக்கச் சொன்னீங்க? உடனே கிளினிக்குக் கிளம்பி வாங்க."

"வரலாம். ஆனா ஆன்லைன்ல பதிவு பண்ணணுமே?"

"அதைத் திறந்துவிட வேண்டிய ஆளே நீங்கதானே!"

சொல்லி முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவன் சட்டென்று ஒரு விசையைத் தட்டினான்.

"ஆச்சு. உயிர் இருக்கு."

வெளியே மழை விட்டபாடில்லை. அவள் அதை மறந்தே போய் நனைந்துகொண்டு நடந்தாள்.

*

அவன் வந்தான். வேர்ச் சிகிச்சை என்பதால் பல முறை வர வேண்டியிருந்தது. வாயில் பஞ்சும் குழாயுமாக அவன் பேச முடியாமல் கிடக்க, அவள் பேசிக்கொண்டே வேலை செய்தாள். கணக்குப் பூட்டியபோது அம்மாவிடம்கூடச் சொல்லாமல் பயந்தது, கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி வாரந்தோறும் வருகிற தொல்லை, எல்லாவற்றையும். அவன் "ம்..." என்பான். அந்த 'ம்'களில் எது அனுதாபம், எது வலி என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது.

பல் சரியான பிறகும், "எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடலாம்," என்றாள். அவனும் மறுக்கவில்லை.

"அக்கா, அவர் வாயில இனி அடைக்கவும் ஒண்ணும் இல்ல, புடுங்கவும் ஒண்ணும் இல்ல," என்றாள் கிளினிக் நர்ஸ்.

"நீ போய் அடுத்த ஆளைக் கூப்பிடு."

காது சிவந்துபோனதை முகக்கவசம் மறைக்கவில்லை.

அந்த உறுதிச் சான்றுக்கு ஆயுள் குறைவு. சில மாதங்களில் கணக்கு மறுபடி பூட்டிக்கொண்டது. இம்முறை அவள் அலட்டிக்கொள்ளவில்லை. பார்த்துப் பார்த்து உடுத்திக்கொண்டு, அவன் கவுன்டருக்கு நேராகப் போய் நின்றாள்.

"சிரிக்கவா?" என்றாள்.

அவன் முகம் வெளுத்தது. "டாக்டர்... நீங்க அடுத்த கவுன்டருக்குப் போங்க."

"விளையாடாதீங்க."

"இல்ல, நிஜமாத்தான். என்னால முடியாது."

"நான் என்ன சலுகையா கேக்குறேன்? உயிரோட இருக்கேன்னுதானே சொல்லச் சொல்றேன்?"

"அடுத்த கவுன்டர்... ப்ளீஸ்."

வரிசை முழுக்க அவளையே பார்த்தது. அவள் விறுவிறுவென்று நகர்ந்து போனாள். அடுத்த கவுன்டர் அம்மா கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு, பழைய சான்றுகளின் அசல் எல்லாம் வேண்டும் என்றும், முறை வரும்போது கூப்பிடுவோம் என்றும் சொன்னார்.

அதற்குள் கிளினிக் காற்று வாங்கியது. நர்ஸ் பழைய வாரப் பத்திரிகைகளையே திரும்பத் திரும்ப அடுக்கினாள். 'பழகினது எல்லாம் பல்லுக்காகத்தான்... வலி போனதும் ஆள் மாறிட்டார்...' நினைக்க நினைக்கக் கோபம் ஏறியது. அவன் போன் செய்தால் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அவன் போன் செய்யவே இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

ஒருவழியாக முறை வந்தது. கண்ணாடி அம்மா அவளை நிமிர்ந்து பார்த்து, ஒரு விசையைத் தட்டி, வேலையை முடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தத் தம்பி மேல கோபப்படாதீங்கம்மா. நெருக்கமானவங்களுக்கு நாங்க பார்க்கக் கூடாது. பார்த்தா சான்றும் செல்லாது, வேலையும் போயிடும்."

"நெருக்கமா? நான் அவருக்கு டாக்டர். அவ்வளவுதான்."

"அதை அவர்கிட்டயே கேளுங்க."

அவன் மாடிப்படித் திருப்பத்தில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், காகிதக் கோப்பையோடு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் தண்ணீர் பாதி சட்டையில் கொட்டியது.

"நெருக்கமானவங்கன்னு சொன்னீங்களாமே. டாக்டர்னு சொல்லியிருக்கலாமே?"

"மேலதிகாரியும் அதைத்தான் சொன்னார். டாக்டர்தானே, தப்பில்லை, பார்த்து அனுப்புன்னார்."

"அப்புறம் என்ன?"

அவன் கோப்பையைக் கசக்கினான். "அவங்களை டாக்டரா மட்டும் பார்த்து ரொம்ப நாளாச்சு சார்னு... சொல்லிட்டேன்."

படியில் யாரோ இறங்கிப் போனார்கள். இருவரும் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் குரலை விட்டுக்கொடுக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்க. என்கிட்ட மட்டும் சொல்லல."

"வரலாம்னுதான் பார்த்தேன். நேரம் பதிவு பண்ணப் போனா... கணக்கு பூட்டியிருந்துச்சு."

"கதவு திறந்துதானே இருந்துச்சு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் அவளுடைய வீம்பெல்லாம் எங்கேயோ போயிற்று.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள் மெதுவாக. "கடைசியா சில தடவை உங்களை வரச் சொன்னேனே... உங்க பல்லுல ஒண்ணுமே இல்ல. பார்க்கணும்னு இருந்துச்சு. அதான்."

அவன் நிமிர்ந்தான்.

"எனக்கும் வலிக்கவே இல்ல, டாக்டர்."

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே, "நாளைக்கு லீவு போட முடியுமா?" என்றாள்.

"போடலாம். ஆனா அதுக்கு ஆன்லைன்ல விண்ணப்பிக்கணும். காலைல இருந்து அந்தப் பக்கம் திறக்கவே மாட்டேங்குது..."

"அப்போ நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்க. இப்பவே. நான் நிக்கிறேன்."

அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினான்.