கட்டத்துக்குள் இருந்த பெயர்

போசுங் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு திரும்பியபோது அலுவலகத்தில் விளக்கை அணைத்திருந்தார்கள். தைபேயில் மதியம் எல்லோரும் மேசையிலேயே தலைசாய்க்கிற நேரம். பக்கத்து இருக்கை ஷின்ரோ மட்டும் விழித்திருந்தாள்.

“யூதாங் அண்ணன் எழுதினதைத் தூக்கிட்டியாமே?”

“ஏன், அது என்ன சாமி சிலையா?”

யூதாங் செத்து ஒரு வருஷம் ஆகியும் அங்கே அவன் பேச்சுதான். அஸ்திக் கலசங்களை மாடி மாடியாக வைத்திருக்கும் கோபுரத்துத் தொடுதிரைக்கு அவன் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சின்ன நிரலை முதலாளி இன்னும் புகழ்ந்துகொண்டிருந்தார். செத்தவர் பெயரைத் தட்டினால் கலசம் எந்த மாடியில் என்று திரை சொல்லும். யூதாங்கின் வழியில், தரவுத்தளத்துக்குக் கேள்வி தனியாகப் போகும். பெயருக்கு அதில் ஒரு காலிக் கட்டம்; தட்டிய பெயர் பிறகு அதற்குள் போய் உட்காரும். வயிற்றெரிச்சலில் போசுங் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, கேள்வியையும் பெயரையும் ஒட்டி ஒரே வரியாக அனுப்பும்படி மாற்றியிருந்தான். சாயங்காலம் முதலாளி பார்ப்பார். பிடித்துப்போனால் யூதாங்கின் நாற்காலி இவனுக்கு.

“கட்டத்துக்குள்ள இருக்கிற வரைக்கும் அது வெறும் பேரு,” ஷின்ரோ கிசுகிசுத்தாள். “ஒட்டிட்டா அதுவே உத்தரவு போட ஆரம்பிச்சிடும். அதுவும் செத்தவங்க திரும்பி வர்ற பேய் மாசத்துல. ஆமா, மெஷின் மேல இருந்த பச்சை பாக்கெட் எங்க?”

மெஷின் சமர்த்தாக ஓடட்டும் என்று அந்த ஊர் வழக்கப்படி யூதாங் வைத்த தேங்காய்ப் பொரி அது. யாரும் தொடமாட்டார்கள்.

“தின்னுட்டேன்.”

அவள் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

போசுங் வீம்புக்குத் தன் கணினியில் யூதாங்கின் பெயரையே தட்டினான். அவன் அஸ்தியும் அந்தக் கோபுரத்தில்தான், ஏழாம் மாடியில்.

திரை வெகுநேரம் யோசித்தது.

தேங்காய் வாசனை வந்தது.

பின்னால் ஒரு நாற்காலி மெல்ல உருண்டு வந்து நின்றது.

திரையில் ஏழாம் மாடி இல்லை. இந்த அலுவலகத்தின் முகவரி இருந்தது. மூன்றாம் மாடி, ஜன்னலோர மேசை.

போசுங்கின் மேசை.

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. தான் எழுதியதை அழித்து யூதாங்கின் நிரலைப் பழையபடி வைத்தான். மறுபடி தட்டினான். ஏழாம் மாடி என்று வந்தது. விளக்கும் வந்தது. அப்போதுதான் மூச்சுவிட்டான்.

சாயங்காலம் முதலாளி பார்த்துவிட்டு அவன் முதுகில் தட்டினார். “அட, யூதாங் எழுதின மாதிரியே இருக்குப்பா. இனிமே அவன் இடம் உனக்குத்தான்.”

ஷின்ரோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போசுங் போய், ஒரு வருஷமாக யாரும் உட்காராத அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

இருக்கை சூடாக இருந்தது.