எந்த வருஷம் ஞானஸ்நானம்?

"சங்கிலிய எடுங்க."

"ரெண்டு நிமிஷம் பொறுங்க. அளவு முடியப் போவுது."

"நான் பொறுப்பேன். அரியாங்குப்பத்துல ஒரு குழந்தை பொறுக்காது."

1935ஆம் வருஷத்து ஐப்பசி. ஆற்றுக்கு இந்தப் பக்கம், கடலூர் சாலையின் குறுக்கே ஓர் இரும்புச் சங்கிலி கிடந்தது. அதன் ஒரு முனையில் ஒரு கூலியாள். மறுமுனையில் இவன்... காதில் பென்சில், கையில் நோட்டுப் புத்தகம், தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி. மராமத்து இலாகாவில் சாலை அளக்கிறவன் என்று பார்த்தாலே தெரிந்தது. மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஆனந்தமேரி புஸ்புஸ் வண்டியின் திருப்புகோலைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்த கண்ணையனுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கோ பொறுமை போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் படித்து, போன தையில்தான் சான்றிதழ் வாங்கிய மருத்துவச்சி அவள். வயது இருபத்திரண்டு. நாள் தவறிய பிரசவம் ஒன்று அக்கரையில் அவளுக்காகக் காத்துக் கிடந்தது.

அவள் இறங்கினாள். குனிந்தாள். சங்கிலியை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாகப் போட்டாள்.

"போச்சு..." என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. கையிலிருந்த மிட்டாயைக் காக்கை கொத்திப் போனவன் மாதிரி சொன்னான். "காலையிலேருந்து அளந்தது."

"நாளைக்கும் ரோடு இங்கதான் இருக்கும்."

அப்போதுதான் மழை பிடித்தது. ஒரு துளி வந்து அவன் இமையில் உட்கார்ந்தது. அவன் கண்ணைச் சிமிட்டக்கூட மறந்து அவளையே பார்த்தான். புளியங்கொட்டையைத் தண்ணீரில் கழுவி வைத்தது போன்ற கண்கள்... ஆனந்தமேரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியில் ஏறினாள். அவளுக்கே காரணம் தெரியாமல் காது மடல் சுட்டது.

திரும்பி வரும்போதும் அவன் அங்கேயே இருந்தான். சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அளந்துகொண்டிருந்தான். வண்டியைக் கண்டதும் சங்கிலியைத் தானே சுருட்டி வழி விட்டான்.

"என்ன குழந்தை?"

"பொண்ணு."

"எடை?"

"ஏன், அதையும் ரோட்டுக் கணக்குல எழுதப் போறீங்களா?"

"சும்மா கேட்டேன்..."

"மூணு கிலோ நூறு."

அவன் நோட்டைத் திறந்து, ஈரத்தில் பென்சில் வழுக்க வழுக்க எழுதினான். பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்ததோ என்னவோ, அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தான். அன்று வீடு போய்ச் சேரும்வரை அவள் வாயோரத்திலும் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டு வந்தது.

அவன் பெயர் ஜைனுலாபுதீன். அதைக் கண்ணையன்தான் விசாரித்துச் சொன்னான், அவள் கேட்காமலே. கார்த்திகையும் மார்கழியும் போயின. அவள் பிரசவம் பார்க்கப் போகிற தெருவிலெல்லாம் ஏதோ ஒரு மூலையில் ஒரு சங்கிலி கிடந்தது. "நல்லாருக்கீங்களா?" "நல்லாருக்கேன்." "இன்னைக்கு?" "ரெட்டைப் பிள்ளைங்க." "ரெண்டோட எடையும் சொல்லுங்க..." இவ்வளவுதான் பேச்சு. இதற்கே அவளுக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவாது.

"ஊர்ல இருக்கற ரோடெல்லாம் வளந்துடுச்சு போல" என்றான் கண்ணையன், வண்டியைத் தள்ளிக்கொண்டே. "மனுஷன் மறுபடி மறுபடி அளக்கறாரு."

"நீ ரோட்டப் பாத்துத் தள்ளு."

"நான் பாத்துதான் தள்றேன் மேரியம்மா. நீங்கதான் திருப்புகோல அந்தப் பக்கமே திருப்பறீங்க."

இரவில் படுத்தால் தூக்கம் வரவில்லை. அவன் முஸ்லிம். அவள் வேதக்காரி. அப்பா அமலநாதன் இருபது வருஷமாகக் கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைத்தான் அவள் விடிய விடிய யோசித்தாள்.

தை பிறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து அவள் கோயிலின் பக்கத்துச் சந்தில் திரும்பியபோது அவன் நின்றிருந்தான். சங்கிலி இல்லை, நோட்டும் இல்லை. சலவைச் சட்டை. நெற்றியில் வியர்வை.

"உங்கள ஒண்ணு கேக்கணும்" என்றான்.

கேளுங்களேன்... என்று அவள் மனசுக்குள் சொன்னாள். முக்காட்டு நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"உங்க வம்சத்துல முதல்ல ஞானஸ்நானம் வாங்கினவங்க யாரு? எந்த வருஷம்?"

சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது.

இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. போன வருஷம் பெண் பார்க்க வந்த கிறிஸ்துதாஸ் வீட்டார் இதையேதான் தேனில் குழைத்துக் கேட்டார்கள். உங்க பாட்டன் எப்ப வேதத்துல சேந்தாரு, எந்தச் சாமியார் கையில தண்ணி வாங்கினாரு என்று. வேதத்துக்கு வருமுன் நீங்கள் யார், எந்தத் தெரு, எந்தக் குலம்... அதுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம். கோயிலில் யார் எந்தப் பக்கம் முழந்தாளிட்டார்கள் என்பதை இன்றைக்கும் மறக்காத ஊர் இது. பதில் கேட்டுக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை.

இவனுமா?

"நூத்தி எண்பது வருஷம்" என்றாள். "அதுக்கு முன்னாடி நாங்க என்னவா இருந்தோம்னும் சொல்லட்டுமா?"

"அது வேணாம். வருஷம் போதும்." அவன் உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டான். "நூத்தி எண்பதுதானா..."

அவன் முகம் விழுந்துபோனதை அவள் கண்ணால் கண்டாள்.

"பத்தாதுங்களா? மன்னிச்சுக்குங்க. எங்க கிட்ட அவ்வளவுதான் இருக்குது."

"இல்ல... நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

அவள் நிற்கவில்லை. வீட்டுக்குப் போய், அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். மூன்றாம் முறை அப்பா வந்து பானையை வாங்கி வைத்தார்.

பதினைந்து நாள். கண்ணையனை வேறு வழியாகத் தள்ளச் சொன்னாள். வேறு வழியிலும் மூலைக்கு மூலை அவள் கண் தேடியது. காணாவிட்டால் கோபம். கண்டால் என்ன செய்திருப்பாளோ... அதுவும் தெரியாது.

பதினாறாம் நாள் காலை, முஸ்லிம் தெருவிலிருந்து ஆள் வந்தது. பாத்திமுத்து என்ற பெண்ணுக்கு வலி கண்டிருக்கிறது. ஜைனுலாபுதீனின் தங்கை என்று வந்தவளே சொன்னாள். போகாமல் இருக்க முடியுமா? போனாள். நண்பகலுக்குள் ஆண் குழந்தை பிறந்து, வீறிட்டு அழுது, தாயிடம் ஒட்டிக்கொண்டு அடங்கியது. வீட்டில் அவன் இல்லை. அவள் வருகிறாள் என்றதும் வெளியே போய்விட்டானாம்.

"மேரி லாத்தா" என்றாள் பாத்திமுத்து, களைத்த முகத்தில் குறும்போடு. "எங்க நானா உங்கள என்ன கேட்டுச்சு?"

"உங்க அண்ணன் எங்க குலத்தக் கேட்டாரு."

"குலமா? அதுக்கு அதெல்லாம் கேக்கத் தெரியாதே. வருஷம் கேட்டுச்சா?"

ஆனந்தமேரி நிமிர்ந்தாள்.

பாத்திமுத்து வாயைப் பொத்திச் சிரிக்க முயன்று, வயிறு வலித்து, "யா அல்லாஹ்" என்று தலையணையில் சாய்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்க மார்க்கத்துல ஆம்பள ஒரு வேதக்காரப் பொண்ணக் கட்டலாம். கிறிஸ்தவப் பொண்ணோ யூதப் பொண்ணோ... அவ மதம் மாற வேண்டியதில்ல. ஆனா நாங்க ஷாபி வழிக்காரங்க. எங்க வழியில ஒரு நிபந்தனை இருக்குது. உங்க மாதிரி ஊர்க்காரப் பொண்ணுன்னா, அவ முன்னோருங்க எங்க நபி வர்றதுக்கு முந்தியே அந்த வேதத்துல இருந்திருக்கணும்னு எங்க பள்ளி ஹஸ்ரத் சொன்னாராம். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தி."

"ஆயிரத்து..."

"முந்நூறு. நீங்க நூத்தி எண்பதுன்னு சொன்னீங்களாம். வந்து சோத்துல கை வெக்கல. பொறவு ஹனபிப் பள்ளி ஹஸ்ரத்த போய்க் கேட்டுச்சு. அவங்க வழியில அந்தக் கணக்கே கெடையாது, பொண்ணு வேதக்காரியா இருந்தாப் போதும், ஆனா யோசிச்சுச் செய், குடும்பம் நடத்தறது நீதான்னு சொன்னாராம். காரைக்கால்ல மார்க்கம் படிச்ச ஒரு ஆலிமுக்கும் கடுதாசி போட்டிருக்குது."

ஆனந்தமேரிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் மூக்கை உறிஞ்ச வேண்டியதாயிற்று. அவன் கேட்டது குலத்தை இல்லை... குலத்தை இல்லை... ஆனால் அடுத்த நொடியே வேறொரு கோபம் கிளம்பியது.

"பாத்திமுத்து, எங்க பக்கத்து ஆம்பள ஒருத்தர் உன்னக் கேட்டிருந்தா?"

சிரிப்பு நின்றது. "கூடாது. அவரு கலிமா சொல்லி எங்க மார்க்கத்துக்கு வந்தாத்தான்."

"இது என்ன ஞாயம்?"

"நானும் கேட்டிருக்கேன் லாத்தா. எங்க ஆம்பள உங்க ஈசா நபிய மதிச்சே ஆகணும், அது அவனுக்குக் கடமை. உங்க ஆம்பளைக்கு எங்க நபிய மதிக்கணும்னு கட்டாயம் இல்ல. அதனால பொண்ணோட ஈமானுக்கு, நம்பிக்கைக்கு, ஆபத்துன்னு சொல்றாங்க." குழந்தையின் தலையைத் தடவினாள். "நான் அத ஏத்துக்கிட்டேன். நீங்க ஏத்துக்கணும்னு நான் சொல்லல."

வெளியே வந்து வண்டியில் ஏறியவள் கண்ணையனிடம் எங்கே போக வேண்டும் என்றே சொல்லவில்லை. ஹஸ்ரத்தைக் கேட்டானாம். காரைக்காலுக்கு எழுதினானாம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, தன்னைத் தவிர.

இரண்டு நாள் கழித்து, தேங்காய்த்திட்டில் பூவாயி என்ற மீனவப் பெண்ணுக்கு வயிற்றுப் பிள்ளையின் நிலை பார்க்கப் போயிருந்தாள். படகுகள் கரையேறியிருந்தன. ஏலம் கூவுகிறவன் தொண்டை கிழிய விலை ஏற்றிக்கொண்டிருந்தான். கையைக் கழுவிக்கொண்டு குடிசை வாசலுக்கு வந்தபோது பூவாயி பின்னாலிருந்து சொன்னாள்.

"மருத்துவச்சியம்மா, அந்தத் தொப்பிக்காரரு அரை நாழியா நிக்கறாரு. மீன் வாங்க வந்தவரு மாதிரித் தெரியல. கூடையில கால வெச்சு ரெண்டு சுங்கான் மீன நசுக்கிட்டாரு."

அவன்தான். செருப்பெல்லாம் செதில். ஆனந்தமேரி நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"காரைக்கால்லேருந்து பதில் வந்துச்சா?"

அவன் திடுக்கிட்டான். "இன்னும் வரல... பாத்திமுத்து சொல்லிடுச்சா?"

"எல்லாத்தையும். எத்தன பேரக் கேட்டீங்க?"

"மூணு பேரு."

"நாலாவதா ஒரு ஆளக் கேக்கணும்னு தோணலையா?"

அவன் தலை குனிந்தான். "அளக்காம எதையும் செஞ்சு பழக்கமில்ல. ஆகாதுன்னு சொல்லிட்டா உங்க மனசுல ஆசைய வளத்த பாவம் என்னுதாயிடும்னு பயந்தேன். உங்கள அவமானப்படுத்திட்டேன்னு பாத்திமுத்து சொல்லித்தான் தெரியும். அன்னைக்கு என் முகம் மாறினது உங்க குலத்துக்காக இல்லீங்க. நீங்க எனக்கு இல்லையோன்னு... அதுக்கு."

ஏலக்காரன் வஞ்சிரத்துக்கு விலை கூவினான். கடற்காற்று முக்காட்டைத் தள்ளியது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

"என் பூசை?" என்றாள்.

"தடுக்க எனக்கு உரிமை இல்ல. ஷாபியானாலும் ஹனபியானாலும் அதுல எல்லாரும் ஒரே பேச்சு."

"எங்க சாமியார் ஒத்துக்க மாட்டார். அவருக்கு மேல இருக்கற மேற்றிராணியார் கிட்ட உத்தரவு வாங்கணும். பிறக்கற பிள்ளைங்கள வேதத்துல வளப்பேன்னு நீங்க எழுதிக் குடுக்கணும்."

"எங்க மார்க்கத்துல பிள்ளைங்க தகப்பன் வழி..." அவன் நிறுத்தினான். புளியங்கொட்டைக் கண்கள் கலங்கியிருந்தன. "இதுக்கு என்கிட்ட பதில் இல்ல மேரி. பொய் சொல்லி உன்னக் கூட்டிக்கிட்டுப் போவ மாட்டேன். நகரசபை மேரி ஆபீஸ்ல போய்ச் சட்டப்படி கல்யாணத்த எழுதிக்கலாம், ஹனபி ஹஸ்ரத் நிக்காஹ் செஞ்சு வெப்பாரு. அதுவரைக்கும்தான் என் கணக்கு வருது. அதுக்கு அப்பால தெரியல."

மேரி என்றான். உன்னை என்றான். அவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

"தெரியலன்னு சொல்ல உங்களுக்கு வருதா?"

"இப்பதான் வந்துச்சு." மூச்சை இழுத்துவிட்டான். "என்னக் கட்டிக்கிறியா?"

பக்கத்தில் கூடையோடு நின்ற இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனந்தமேரிக்கு முகம் முழுக்கச் சூடு ஏறியது. ஓடிவிடலாம் போலிருந்தது... கால் நகரவில்லை.

"முதல் தடவையா ஒரு கேள்விய கேக்க வேண்டிய ஆள்கிட்டக் கேட்டிருக்கீங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவு தாழ்ந்தது. "ரோட்டுல மழையில நின்னீங்களே, அன்னைக்கே எனக்குப் பதில் தெரியும். உங்கள எனக்குப் பிடிக்கும். ரொம்ப... பயம் வர்ற அளவுக்குப் பிடிக்கும்."

அவன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"பிள்ளைங்க விஷயத்த நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசறோம்" என்றாள் அவள். "பேசி முடிக்கற வரைக்கும் மேரி ஆபீசும் இல்ல, நிக்காஹும் இல்ல. மாசக்கணக்கானாலும் சரி."

"சரி."

"அதுவரைக்கும் எந்த ஆலிமுக்கும் கடுதாசி போடக் கூடாது."

"சரி."

"இன்னைக்குச் சாயங்காலம் அப்பாகிட்ட நானே சொல்லப் போறேன்."

"நானும் வரட்டுமா?"

"வேணாம். வந்தா அவரையும் எந்த வருஷம்னு கேப்பீங்க."