பைக்கு அடியில் வைத்த புத்தகம்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, குறும்பனையில் ஒரு வீட்டில், சிறுநீரகங்கள் செயலிழந்த ஜான்ரோஸின் வயிற்றிலிருந்து குழாய் வழியாக, ரத்தத்தின் கழிவை இழுக்க உள்ளே விட்டிருந்த இரண்டு லிட்டர் திரவம் பைக்குள் வடிந்தது.

மனைவி ராகேல் வழக்கம்போல் பைக்கு அடியில் ஜெபப் புத்தகத்தை விரித்து வைத்தாள். திரவத்தினூடே எழுத்து தெரிந்தால் நல்லது. கலங்கியிருந்தால் வயிற்றுக்குள் கிருமி. நர்ஸ் சொல்லிக்கொடுத்த சோதனை. இன்று வரிகள் தெரிந்தன. சொற்கள் தெரியவில்லை.

"ஏட்டி, உள்ள மீனா கிடக்கு, இப்பிடிப் பாக்க?" ஜான்ரோஸ் சிரித்தார்.

"கண்ணாடியில அழுக்கு."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டாள். அப்படியேதான் இருந்தது.

தூசி வராமலிருக்க ஜன்னல்களை அடைத்து மின்விசிறியை நிறுத்தியிருந்த அந்த அறையில், கடல் சுவருக்குள்ளிருந்து இரைவதுபோல் அமுங்கிக் கேட்டது. உள்ளறையில் மகள் அஜிதாவின் ஆறு நாள் குழந்தை அழுது ஓய்ந்தது. டெட்டால் வாசனைக்கு அடியில் பழைய எண்ணெயின் காறல் நாற்றம் அவர் வயிற்றுப் பக்கமிருந்து எழுந்து அவள் தொண்டையில் நின்றது. அவளுக்குத் தெரிந்த எண்ணெய்தான். குழாய் நுழையுமிடம் சிவந்திருந்ததால், அந்தோணியார் குருசடிச் சிற்றாலயத்தில் மந்திரித்து வாங்கியதை, ஒரு வாரமாக, அவர் உறங்கும்போது விரலால் தொட்டுப் பூசிவந்தாள்.

மதியம் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்.

நாகர்கோவில் மருத்துவமனையில் அடுத்த பை மோர்போல் வந்தது.

"குழாய்கிட்ட எதாவது போட்டீங்களா?" என்றார் மருத்துவர்.

"இல்ல சார்," என்றாள் ராகேல்.

புதனும் அதே கேள்வி. வியாழனும். அதே பதில். ஜான்ரோஸுக்குக் காய்ச்சல் நடுக்கம் நிற்கவில்லை.

வெள்ளி காலை, எண்ணெய்க் குப்பியை எறிவதற்காகவே ராகேல் வீட்டுக்கு வந்தாள். அதை வைத்திருந்த அந்தோணியார் சொரூபத்தின் காலடியில் எண்ணெய் வட்டம். குப்பி இல்லை.

உள்ளறைக்குப் போனாள். காறல் நாற்றம்.

"மெள்ள, அம்மா. மக்கா உறங்குதான்," என்றாள் அஜிதா.

"குப்பி எங்கட்டி?"

"இங்கதான். அப்பாக்கு நீங்க பூசுனத கண்டேன். இவனுக்குத் தொப்புள் ஆறல்ல. மூணு நாளா நானும் பூசுதேன். ராத்திரியிலேருந்து நல்ல உறக்கம். பால்கூட கேக்கல்ல."

ராகேல் துணியை விலக்கினாள். தொப்புளில் எண்ணெய் மின்னியது. சுற்றிலும் சிவப்பு. அதே சிவப்பு.

கைபேசி ஒலித்தது. மருத்துவமனை. ஜான்ரோஸ் 9.20-க்கு இறந்திருந்தார்.

ராகேல் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடியும் சுண்டினாள்.

அவன் விழிக்கவில்லை.