நான்காவது ரொட்டி

பிசைந்து வைத்தது மூன்று ரொட்டி. அடுப்பிலிருந்து வந்தது நான்கு.

செத்துப்போன அம்மா, அப்பா, தம்பி மூவருக்கும் ஆளுக்கொன்றாக மனித உருவில் ரொட்டி செய்து, மாவில் முகம் பதித்தது சந்துசாவின் சொந்தக் கைதான். வருடத்தில் இந்த ஒரு நாள், சரியாக நண்பகலில், செத்தவர்கள் சாப்பிட வருவார்கள். கைமறதியாக ஒன்று கூடுதலாக உருட்டியிருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு, நான்கையும் ஸ்டேஷன் அறை மேசையில் சூப்போடு வைத்தாள். நான்காவதன் நெற்றியில் வெட்டுத் தழும்பு இருந்தது. அவள் கணவன் எப்ராயினுக்கும் அங்கேதான் தழும்பு.

மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. தகரக்கூரையில் பனிக்காற்று உரசும் சத்தத்துக்கெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மலையுச்சியில் இருந்த யானகாசா ஸ்டேஷனுக்கு அவள்தான் மாஸ்டர். ரயில் சுரங்கத்தின் மறுபக்கம் தண்டவாளம் பார்க்கப் போயிருந்தான் எப்ராயின். மேசையருகே சுவரில் இருந்த பொத்தானை அவள் இரண்டு முறை அழுத்தினால் இரு பக்கமும் மணி ஒலிக்கும். ஒலித்தால்தான் அவனுடைய டிராலி சுரங்கத்துக்குள் நுழையலாம்.

பன்னிரண்டு அடித்தது. கதவு திறந்தது. எப்ராயின்.

"நான் மணியே அடிக்கலையே. எப்படி வந்தே?"

"பசிக்குது."

நான்காவது ரொட்டியின் முன்னால் உட்கார்ந்தான். அவன்மேல் ஈரக்கல் வாடை. தண்டவாளத்திலிருந்து அறுபது படி ஏறி வந்தவனுக்கு மூச்சு வாங்கவில்லை. இந்த உயரத்தில், மலையில் சுமை சுமக்கும் லாமா மிருகத்துக்கே வாங்கும். குளிரில் அவள் மூச்சு புகையாக வந்தது. அவன் வாய்முன் ஒன்றுமில்லை.

போன் அடித்தது.

"சந்து, வேலை முடிஞ்சுது. மணியை அடி, கிளம்பறேன். சூப்பை ஆறவிட்டே, அப்புறம் இருக்கு உனக்கு."

எப்ராயினின் குரல். மறுபக்கத்திலிருந்து.

செத்தவன் நேரத்துக்கு வந்துவிட்டான். சாக வேண்டியவன் இன்னும் கிளம்பவில்லை.

"வராதே. சுரங்கத்துக்குள்ள காலே வைக்காதே. நான் மணி அடிக்க மாட்டேன்."

"ஏன், உன் தம்பி வந்து என் நாற்காலியில உட்கார்ந்துட்டானா?" சிரித்தான்.

"எப்ராயின், சொன்னாக் கேளு..."

அவள் முதுகுக்குப் பின்னால் மணி.

ஒன்று.

இரண்டு.

"அடிக்க மாட்டேன்னு சொல்லிக்கிட்டே அடிக்கிறியே. இதோ வந்துட்டேன்."

போனை வைத்துவிட்டான். மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

திரும்பினாள்.

மேசை முன் இருந்தவன் பொத்தானிலிருந்து கையை எடுத்தான். சுரங்கத்துக்குள் டிராலியின் இரைச்சல் கிளம்பியது. அதைக் கேட்டபடியே, தழும்பு இருந்த பக்கமாக ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தான்.