நான்கு மணி ஏற்றம்

நாச்சியப்பன் திடுக்கிட்டால் அவர் மனைவி உமையாளின் நெஞ்சு படபடக்கும். மூன்று வருடமாக அப்படித்தான். பிட்யூட்டரிக் கட்டியை எடுத்த பிறகு அவளுடைய அட்ரினல் சுரப்பிகள் தூங்கிப்போயின. அவற்றை எழுப்பும் கட்டளை தலையிலிருந்து வரவில்லை. எனவே கணவரின் கைவளையம் அவர் உடம்பில் கார்டிசால் என்ற பதற்றச் சுரப்பு ஏறி இறங்குவதை அளந்து சொல்ல, அவள் இடுப்பில் பதித்த இணைச்சுரப்பான் என்ற கருவி அதே தாளத்தில் அவளுக்கு ஊட்டியது.

அதனால் மனிதர் கோபத்தையே விட்டார். கிரிக்கெட் பார்ப்பதைக்கூட நிறுத்தினார். கட்டி மறுபடி வளர்ந்துவிடுமோ என்ற பயத்தை மட்டும் விட முடியவில்லை. தினமும் மாலை நான்கு மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் அரை மணி நேரம் பயந்துவிட்டு வருவார். செட்டிநாட்டு வீட்டின் தடித்த சுவர்களைத் தாண்டி வளையத்தின் அலை கீழே போகாது என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார்.

ஒரு நாள் காலை டாக்டர் மெஹ்ருன்னிசா இணைப்பைத் துண்டித்து, உமையாளின் சொந்தச் சுரப்பை அளக்கும் பட்டையைக் கையில் ஒட்டி அனுப்பினார். மயக்கம் வந்தால் போட ஊசியும் கொடுத்தார். சுரப்பி எழாவிட்டால் ஆயுசுக்கும் கருவிதான்.

மறுநாள் மருத்துவமனையில் பட்டையைப் படித்தார்கள். பகலெல்லாம் மந்தம். ஆனால் நான்கு மணிக்குக் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. கருவியின் பழைய பதிவுகளிலும் தினமும் அதே ஏற்றம்.

"நாலு மணிக்கு வீட்டுல என்ன நடக்கும் ஆச்சி?" என்று கேட்டார் டாக்டர்.

"இவுக மாடிக்குப் போவாக. அப்ப எனக்குப் படபடன்னு வரும். பயப்படுறாகன்னு தெரியும். கேட்டா வருத்தப்படுவாகன்னு கேக்கலை."

சுவர்கள் அலையைத் தடுக்கவே இல்லை என்று நாச்சியப்பனுக்குப் புரிந்தது. இத்தனை நாள் அவளைப் பயமுறுத்தியவர் தாம்தான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

நேற்று இணைப்பே இல்லையே என்றார் டாக்டர்.

"நேத்து ஒண்ணும் வரலை. ஐயோ, இவுக தனியாப் பயந்துக்கிட்டிருப்பாகளேன்னு நினைச்சேன். அப்புறந்தான் படபடப்பு வந்துச்சு."

டாக்டர் சிரித்தார். அது ஆச்சியின் சொந்தப் படபடப்பு, சுரப்பி விழித்துவிட்டது என்றார். இன்னும் இரண்டு சோதனைகளுக்குப் பிறகு கருவியை எடுத்துவிட்டார்கள்.

வீடு திரும்பிய மறுநாள் நான்கு மணிக்கு அவர் மாடி ஏறியபோது அவளும் பின்னால் வந்தாள்.

"இனிமே எனக்குத் தானாத் தெரியாது. நீங்க வாயைத் தொறந்து சொன்னாத்தான் உண்டு."

நாச்சியப்பன் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தையும் வரவில்லை. மூன்று வருடத்தில் பயத்தை வாய்விட்டுச் சொல்லும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. உமையாள் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.