டாக்டரை வெளியே நிறுத்திய பூனை

சீமாட்டிக்கு இடுப்பு மூட்டில் வலி. சீமாட்டி என்பது ஒரு பூனை. உலகத்துப் பூனைகளின் கர்வத்தை எல்லாம் திரட்டி ஒரே தோலுக்குள் அடைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் அவள்.

அவள் உடம்பிலிருந்தே செல்களை எடுத்து, வளர்த்து, மூட்டில் ஊசியாகப் போட்டிருந்தார்கள். புத்தம் புதிய சிகிச்சை. அது பலித்ததா என்று பார்க்க, அப்பாவும் மகளும் அவளைக் கூடையில் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரம்மாவிடம் வந்திருந்தார்கள்.

மேசைமேல் விட்டதுதான் தாமதம், பக்கத்து அறையில் ஒரு நாய் குரைத்தது. அந்தக் குரைப்பில் நாலு தெருவுக்கு ஜன்னல் கண்ணாடி ஆடியிருக்கும். சீமாட்டி ஒரே தாவலில் மருந்து அலமாரியின் உச்சிக்குப் போய்விட்டாள்.

அப்பா கைதட்டினார். "பாத்தீங்களா டாக்டர்? வீட்டுலயும் மான்குட்டி மாதிரி ஓடுறா!"

"பிரமாதம்! அப்ப வலி மருந்த நிறுத்திடலாம்" என்றார் டாக்டரம்மா.

மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மருந்தும் இல்லையென்றால் சீமாட்டி என்ன செய்வாள்?

"வீட்டுல அவ சோபாவுலகூட ஏறலப்பா."

"இப்ப கண்ணெதிரே ஏறினாளேம்மா!"

"பயத்துல ஏறினா. கரப்பான்பூச்சியப் பாத்து நீங்க மேசைமேல ஏறினீங்களே, உங்க முட்டிவலி போயிடுச்சா?"

அப்பா அவசரமாக மின்விசிறியை ஆராய்ந்தார். டாக்டரம்மா சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"சரி, எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"யாராவது பாத்தா அவ நொண்டமாட்டா. எல்லாரும் வெளியே போயிடலாம். நீங்களும்தான் டாக்டர்."

"என் அறைய விட்டு நானா?"

"நீங்கதான் முக்கியமா!"

சீமாட்டியைத் தரையில் இறக்கிவிட்டு மூவரும் வெளியே போனார்கள். கதவின் கண்ணாடி வழியே மூன்று மூக்குகள் எட்டிப் பார்த்தன.

சீமாட்டி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தாள். ஒரு குட்டி முக்காலியில் ஏறப் பார்த்து, முடியாமல், அதன் அடியிலேயே படுத்துக்கொண்டாள்.

அப்பாவின் முகம் சுருங்கியது. "நல்லா ஆயிடணும்னு நெனச்சேனா... நல்லா ஆயிட்ட மாதிரியே தெரிஞ்சுது."

"எனக்கும்தான்" என்றார் டாக்டரம்மா. "மருந்து தொடரட்டும். ரத்தத்தச் சோதிச்சு, ஊசியால கெடுதல் இல்லேன்னு தெரிஞ்சப்புறம்தான் அடுத்த ஊசி."

ரத்தம் சரியாக இருந்தது. அடுத்த ஊசியும் போட்டார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் அதே கதவு, அதே மூன்று மூக்குகள்.

சீமாட்டி நொண்டாமல் நடந்தாள். டாக்டரின் நாற்காலியைக் கொஞ்ச நேரம் முறைத்தாள். ஒரு தாவு! ஏறி, சுருண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா மகளிடம் குதூகலமாகக் கிசுகிசுத்தார்: "இப்ப நான் உள்ளே போகலாமா?"

"உஷ்! கொஞ்சம் பொறுங்க டாக்டர். தூங்கறா."